வெளியூர்க்காரன் யார்?

சென்ற ஆண்டு வரையில் நாம் சென்னைக்கு அப்பால் போனதில்லை. வயது நாற்பத்தாறு ஆகிறது. பத்தாவது தேறிய நாளிலிருந்து சங்க வேலை, கட்சி வேலை என்று திருப்பூர், அவினாசி, பல்லடம் வட்டாரத்துக்குள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் சுற்றியதுதான் நம் பயணம். ஆனால் சென்ற ஆண்டு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஊர்களுக்குப் போக நேர்ந்தது. கோலார் தங்கவயல், பம்பாய் என்று நாம் சொல்லிப் பழகிய மும்பை, அகமதாபாத், சூரத். சங்கக் கூட்டங்களுக்காகப் போனோம். கூட்டம் முடிந்தபின் ஓரிரு நாள் தங்கி ஊரைப் பார்த்தோம். முன்பதிவில்லாப் பெட்டியில் போய், சங்க ஆபீஸ் தரையில் படுத்து, தோழர்கள் வீட்டில் சாப்பிட்டுத் திரும்பிய பயணம் இது.

ஊருக்கு வந்ததும் பலர் விசாரித்தார்கள். மும்பையில் கடற்கரைத் தோரணவாயில் பார்த்தீர்களா என்றார்கள். சபர்மதி ஆசிரமம் பார்த்தீர்களா என்றார்கள். பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வயதான விவசாயத் தொழிலாளி ஒருவர் வேறு மாதிரிக் கேட்டார்.

"ஏனுங்க தோழர், அங்கெல்லாம் நம்மளாட்டம் சனம் எப்படிப் பொழைக்குது?"

அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

தங்கம் எடுத்தவர்கள்

முதலில் கோலார் தங்கவயல். பங்காருப்பேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பத்தில் இறங்கினோம். கர்நாடகத்தில் இருக்கிறோமா, வேலூரில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. டீக்கடையில் தமிழ், கோயிலில் தமிழ், மாதா கோயிலிலும் தமிழ்.

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே தங்கம் வெட்ட வந்தது. பாறை உடைக்க ஆள் வேண்டுமே! வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். ஊரில் நிலம் இல்லை, கூலி இல்லை, மரியாதையும் இல்லை. பஞ்சம் ஒரு பக்கம் துரத்தியது, பண்ணையார் ஒரு பக்கம் துரத்தினார். வந்தவர்களைக் கம்பெனி பூமிக்கு அடியில் இறக்கியது. நாளடைவில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயிற்று. அந்த ஆழத்தில் பாறையே சுடும். திடீரென்று பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து, வருஷக்கணக்கில் இருமி இருமிச் செத்தவர்கள் அதைவிட உண்டு.

1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே அப்போது மின்விளக்கு கிடையாது. தங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு அவ்வளவு அவசரம்! தோண்டுகிற மனிதனுக்கோ மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசை. 1930-ல் தொழிலாளி ஒவ்வொருவனுடைய கைரேகையையும் பதிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. "நாங்கள் என்ன திருடர்களா?" என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். நம் சொந்த ஜனங்கள் நடத்திய இந்தப் போராட்டம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது அவை மத்திய சர்க்காருக்குச் சொந்தம். நூற்றிருபது வருஷம் தங்கம் எடுத்த ஊரில் இன்று மிஞ்சி நிற்பது சயனைடு மண் மேடு. காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. விடிவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போனால் ஊரில் பாதிப் பேர் அங்கே நிற்கிறார்கள். கட்டட வேலை, ஓட்டல் வேலை, காவல் வேலை என்று பெங்களூருக்கு ரயிலேறி, இரவில் திரும்புகிறார்கள்.

சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "எங்க தாத்தா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தாரு. நான் இங்கேதான் பொறந்தேன், இங்கேதான் மண்ணுக்குள்ளே இறங்கினேன். இங்கே என்னைத் தமிழன்னு சொல்றாங்க. ஆம்பூருக்குப் போனா கோலார்க்காரன்னு சொல்றாங்க."

1991 டிசம்பரில் காவிரி விஷயமாகக் கர்நாடகத்தில் கலவரம் மூண்டு தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பெங்களூரில் வேலைக்குப் போன மக்கள் வாயைத் திறந்தால் மொழி காட்டிக் கொடுத்துவிடும் என்று பேசாமல் திரும்பி வந்த கதையையும் அந்தப் பெரியவர் சொன்னார். மூன்று தலைமுறை பாறைக்கு அடியில் உழைத்த பிறகும் ஒருவன் வெளியூர்க்காரன்தான் என்றால், ஊர்க்காரன் ஆவதற்கு என்னதான் செய்ய வேண்டும்?

மில் கிராமம்

இந்தக் கேள்வியோடுதான் மும்பைக்குப் போனோம். பரேல், லால்பாக் பகுதிக்குக் கிரண்காவ் என்று பெயர். மில் கிராமம் என்று அர்த்தம். 1850-களில் முதல் பஞ்சாலை வந்தது. பிறகு ஆலைமேல் ஆலையாக எழுந்து, இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலை செய்த இடம் அது. கொங்கணக் கரையிலிருந்தும் சதாரா ஜில்லாவிலிருந்தும் வந்த மராத்தி விவசாயிகள், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள், தெலுங்கர்கள் எல்லோரும் சால் என்னும் வரிசை வீடுகளில் ஒரே அறைக்குள் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று இருந்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்கள் நடத்தியது கானாவளி என்னும் சாப்பாட்டு வீடு. அந்தப் பெண்கள் கடன் சொல்லிச் சோறு போட்டதால்தான் பல வேலைநிறுத்தங்கள் தாக்குப்பிடித்தன.

ஓய்வுபெற்ற தறித் தொழிலாளி ஒருவர் நம்மைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு மராத்தி தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டோம். வானத்தை முட்டும் ஒரு கட்டடத்தைக் காட்டி, அதன் அடித்தளத்தில் ஒரு மூலையைக் காட்டி, "என் தறி அங்கே இருந்தது" என்றார். பக்கத்தில் ஆலையின் புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் அழகுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். கீழே துணிக்கடை. அந்தக் கடைக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லையாம்.

1982 ஜனவரி 18-ல் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் அந்த இரண்டரை லட்சம் பேரும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது முடிந்ததாக இன்றுவரை யாரும் முறைப்படி அறிவிக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்குமேல் பட்டினி கிடந்தார்கள். லட்சம் பேருக்குமேல் வேலை இழந்தார்கள். நகரத்தின் நடுவில் ஆலைகளுக்குச் சொந்தமாக ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்கும், மூன்றில் ஒரு பங்கு வீட்டு வசதிக்கும் தரப்பட வேண்டும் என்று 1991-ல் விதி செய்தார்கள். 2001-ல் அந்த விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் பங்கு என்றார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. நூல் நூற்று லாபம் சம்பாதித்தவர்கள், நூலை நிறுத்திவிட்டு நிலத்தை விற்று அதைவிடப் பெரிய லாபம் சம்பாதித்தார்கள்.

இப்போது இன்னொரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்த வேலைநிறுத்தத்துக்குப் பதினாறு வருஷம் முன்னால், 1966-ல், அதே மும்பையில் சிவசேனை தோன்றியது. "மண்ணின் மைந்தனுக்கே வேலை" என்று சொல்லித் தென்னிந்தியர்கள்மீது வெறுப்பைக் கிளப்பினார்கள். உடுப்பி ஓட்டல்களைத் தாக்கினார்கள். வேட்டி கட்டியவனைக் கேலி செய்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டுப் பிழைத்த நம் ஜனங்களும் அந்தப் பயத்தில்தான் வாழ்ந்தார்கள். மராத்தித் தொழிலாளியின் வேலையைப் பறிப்பவன் மதராஸிதான் என்று அன்று பேசப்பட்டது.

நடந்தது என்ன? 1982-க்குப் பிறகு மராத்தித் தொழிலாளியின் வேலையைப் பறித்தது மதராஸியா? தாராவியில் தோல் ஊறவைத்தவனா? இட்லி அவித்தவனா? இல்லை. ஆலையைப் பூட்டியவன் யார், நிலத்தை விற்றவன் யார் என்பது ஊரறிந்த விஷயம். மண்ணின் மைந்தன் என்று கூவியவர்கள் மைந்தனுக்காக அந்த மண்ணைக் காப்பாற்றவில்லை. கூட்டிக்கொண்டு போன அந்தப் பெரியவரும் வாலிபத்தில் அந்த ஊர்வலங்களில் போனவர். அவரே சொன்னார்: "எங்கள் கை வேறு பக்கம் ஓங்கியிருந்தபோது, பின்னால் நின்றவன் கதவைப் பூட்டிவிட்டான்."

தறிக்குள்ளே ஒரு சுவர்

பிறரைக் குறை சொல்லுமுன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய காலத்து மும்பை மில்களில் தாழ்த்தப்பட்ட தொழிலாளிக்குத் தறிக்காதாவில் இடம் கிடையாது. நூற்புக் காதாவில் மட்டும்தான் வேலை. காரணம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் நாடாவில் கண்டு மாற்றும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவன் வாய் வைத்த நாடாவில் இன்னொருவன் வாய் வைக்க வேண்டியிருக்கும். அதனால் "தீட்டு" என்று சக தொழிலாளர்களே தடுத்தார்கள். கூலி அதிகம் கிடைத்தது தறிக்காதாவில்தான்.

1928-ல் மும்பையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது டாக்டர் அம்பேத்கர் இந்த அநியாயத்தைக் கேட்டார். தறிக்காதாவைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பதை உங்கள் கோரிக்கைகளில் சேர்ப்பீர்களா என்று கேட்டார். அன்றைக்குத் தலைமையில் இருந்த செங்கொடிச் சங்கத்தார் தயங்கினார்கள். இதை மறைத்துப் பயனில்லை. பத்து வருஷம் கழித்து, 1938 நவம்பர் 7-ல், தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் கட்சியும் செங்கொடிச் சங்கமும் சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தியபோது அந்த நகரத்தின் பலம் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முன்னாலேயே அந்தச் சுவரை இடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சபர்மதிக் கரையில்

அகமதாபாத்தில் முதல் ஆலை 1861-ல் வந்தது. சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் 1918-ல் தினந்தோறும் ஆயிரக்கணக்கான மில் தொழிலாளர்கள் கூடினார்கள். பிளேக் நோய்க் காலத்தில் கொடுத்துவந்த போனஸை முதலாளிகள் நிறுத்திவிட்டார்கள். விலைவாசியோ யுத்தத்தால் ஏறிப்போயிற்று. தொழிலாளர்கள் 35 சதம் உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20 சதத்துக்குமேல் முடியாது என்றார்கள். முதலாளிகளின் பக்கம் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். முடிவில் மத்தியஸ்தர் 35 சதம் கொடுக்கச் சொன்னார்.

அப்படிப்பட்ட ஊரில் 1980-களிலும் 90-களிலும் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. லட்சம் பேருக்குமேல் தெருவுக்கு வந்தார்கள். மூன்று தலைமுறை மில் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் ஆட்டோ ஓட்டினார்கள், கைவண்டி இழுத்தார்கள். பெண்கள் வீட்டிலிருந்து துணி தைத்தும் ஊதுவத்தி உருட்டியும் கும்பத்தைக் காப்பாற்ற முயன்றார்கள்.

ஆலை இருந்தவரையில் இந்துவும் முஸ்லிமும் ஒரே சங்கு சத்தத்துக்கு ஒரே கேட்டுக்குள் நுழைந்தார்கள். ஒற்றுமை முழுமையாக இருந்தது என்று சொல்லமாட்டோம். நூற்புக் காதாவில் ஒரு ஜாதி, தறிக்காதாவில் இன்னொரு கூட்டம் என்ற பிரிவினை அங்கேயும் உண்டு. ஆனாலும் பேச்சுவார்த்தை இருந்தது, கொடுக்கல் வாங்கல் இருந்தது. கேட்டைப் பூட்டியதும் அதுவும் போயிற்று. 2002-ல் கலவரம் மூண்டபோது மிகக் கொடுமையாக ரத்தம் சிந்திய இடங்களில் பழைய மில் பேட்டைகளும் இருந்தன.

இதே நகரத்தில் 1946 ஜூலை 1-ம் தேதி, வகுப்புக் கலவரத்தைத் தடுக்கப் போய் வசந்தராவ் ஹெகிஷ்டே, ரஜப் அலி லக்கானி என்ற இரண்டு நண்பர்கள் ஒன்றாக உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் பெயரை அந்த ஊர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஒன்றாக நிற்பவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

ஒரு பாய், இரண்டு ஆட்கள்

கடைசியாக சூரத். இங்கே ஆலைகள் மூடவில்லை. விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தறிக்கூடத்தின் வாசலில் நின்றால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதும் காதில் விழாது. தறி ஓட்டுகிறவர்களில் மிகப் பலர் ஒரிசாவின் கஞ்சாம் ஜில்லாக்காரர்கள். லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. நெய்த மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

அவர்கள் தங்கும் அறையைப் பார்த்தோம். மெஸ் என்று சொல்லுகிறார்கள். சுவரோரமாகப் பாய்கள், ஆணியில் பைகள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனதும் இரவு ஷிப்டுக்காரன் வந்து அதே பாயில் படுக்கிறான். பாய் ஆறுவதே இல்லை. அந்த அறையில் யாருக்கும் காய்ச்சல் வந்து படுத்துவிடக் கூடாது. படுத்தால் இன்னொருவனுக்கு இடம் இல்லை.

2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். தறி நின்றது, கூலி நின்றது, மெஸ்ஸில் சோறும் நின்றது. ஏப்ரலில் சூரத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து, "எங்களை ஊருக்கு அனுப்புங்கள்" என்றார்கள். தடியடியும் வழக்கும் கிடைத்தன. மே மாதம் 8-ம் தேதி, அப்போது ஔரங்காபாத் என்று வழங்கிய ஊருக்குப் பக்கத்தில், மத்தியப் பிரதேசத்துக்கு நடந்தே போன தொழிலாளர்கள் அசதியில் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். விடியற்காலையில் சரக்கு ரயில் ஏறி 16 பேர் செத்தார்கள். வழிக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டி தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தது. அந்த 16 பேரும் ஏதோ ஒரு நகரத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள்தான். அந்த நகரத்தில் ஒரு மாதம் பசியில்லாமல் இருக்க அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

நம் ஊர்

சூரத்திலிருந்து திரும்பித் திருப்பூரில் இறங்கியபோது விடியற்காலை. பிளாட்பாரத்தில் நாற்பது, ஐம்பது வடநாட்டு இளைஞர்கள். தலையில் மூட்டை, கையில் வாளி. ஒரு ஏஜெண்டு ஆடு எண்ணுவதுபோல் அவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக நாம் பார்த்த காட்சிதான் அது. ஆனால் அன்றுதான் கண்ணில் பட்டது. சூரத்தில் எட்டிப் பார்த்த மெஸ்ஸை நம் ஊரில் நாம் எட்டிப் பார்த்ததே இல்லை!

நம் சங்க ஆபீஸுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு நூல் மில்லின் தொழிலாளர் விடுதி இருக்கிறது. பத்து வருஷமாக அந்த வழியாகப் போய்வருகிறோம். இரண்டு வருஷம் முன்பு தீபாவளி போனஸுக்காக அந்த மில் வாசலில் கூட்டம் போட்டோம். ஒரு மணி நேரம் பேசினோம். ஓரமாக முப்பது வடநாட்டுப் பையன்கள் நின்றார்கள். மற்றவர்கள் கைதட்டியபோது அவர்களும் தட்டினார்கள். நாம் பேசியதில் ஒரு வார்த்தை அவர்களுக்குப் புரிந்திருக்காது. அவர்கள் காண்டிராக்டர் கணக்கில் இருந்ததால் போனஸ் அவர்களுக்குக் கிடைக்கவும் இல்லை. நமக்குக் கிடைத்துவிட்டது என்று நாம் வெற்றிக் கூட்டம் போட்டோம்.

அந்தப் பையன்களில் ஒருவனுக்கு அடுத்த மாதம் கார்டிங் மெஷினில் இரண்டு விரல் போயிற்று. கையில் ஐயாயிரம் ரூபாயும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து இரவோடு இரவாக அனுப்பிவிட்டார்கள். ஈ.எஸ்.ஐ. கிடையாது, நஷ்டஈடு கிடையாது. விஷயம் நம் காதுக்கு வரும்போது அவன் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. எந்த ஜில்லா என்று தெரியவில்லை. பெயர்கூட நமக்குத் தெரியாது. பத்து வருஷம் பக்கத்தில் இருந்த சங்கம் இது. மும்பைச் சங்கம் 1928-ல் தயங்கியதைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

"தோழர், வடக்கத்திக்காரன் குறைந்த கூலிக்கு வந்துவிடுகிறான், நம் ஆளுக்கு வேலை போகிறது" என்று நம் தொழிலாளர்கள் சொல்லுகிறார்கள். இதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். உண்மையாகவே பல இடங்களில் நடக்கிறது. ஆனால் அவன் குறைந்த கூலியைக் கேட்டு வாங்குகிறானா? இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கிய பையனுக்கு இங்கே என்ன கூலி நடப்பு என்று எப்படித் தெரியும்? ஏஜெண்டு சொன்னதுதான் கூலி. அவனுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு யார் பையில் போகிறது என்று கேட்க வேண்டும். அவனுக்கு நியாயமான கூலி வாங்கிக் கொடுத்தால், குறைந்த கூலிக்கு ஆள் என்ற ஆயுதம் முதலாளி கையிலிருந்து விழுந்துவிடும். அவனை விரட்டினால் ஆயுதம் அப்படியே இருக்கும். அடுத்த ரயிலில் அடுத்த ஆள் வருவான்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய்ப் படங்களைச் செல்போனில் பரப்பினார்கள். பயந்துபோனவர்கள் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பொய் ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுபட்டது? பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தப் பையன்களுக்கு இங்கே ஒரு சிநேகிதன் இல்லை. அதுதான் காரணம்.

என்ன செய்வது?

பெரிய திட்டம் ஒன்றும் சொல்லவில்லை. செய்யக்கூடிய காரியங்களைச் சொல்லுகிறோம்.

பெயரைக் கேளுங்கள். ஊரையும் ஜில்லாவையும் கேளுங்கள். சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். விபத்து நடந்தால் யாருக்குச் சொல்வது என்று அதில் இருக்கட்டும்.

வாயில் கூட்டத்தில் பத்து நிமிஷம் இந்தியில் பேச ஒருவரைப் பழக்குங்கள். நோட்டீஸை இரண்டு மொழியில் அடியுங்கள். தமிழின்மேல் நமக்குள்ள பற்று இதனால் ஒரு நூலிழையும் குறையாது. கூடவே அந்தப் பையன்களுக்குத் தமிழ் கற்றுக் கொடுங்கள். அவர்களில் பலர் ஆசையோடு கற்றுக்கொள்ளுகிறார்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். வருஷத்தில் 30 நாள் வேலை செய்தவனுக்கும் போனஸ் பாத்தியதை உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதம். காண்டிராக்டர் கணக்கில் இருப்பதால் அது போய்விடாது. அவனுடைய ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருந்தாலும், அதைக் காட்டி மத்திய சர்க்கார் தானியத்தை இங்கேயே வாங்கலாம். வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-ல் வந்த சட்டத்தில் இடம் பெயர்ந்ததற்கான படி ஒன்று இருந்தது. 2020-ல் செய்து 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கேட்க வேண்டிய பொறுப்பு இங்குள்ள சங்கங்களுக்கு உண்டு.

நாம் இதைத் தொடங்கிவிட்டோம். அந்த விடுதிக்குப் போய் உட்கார்ந்து நாற்பத்திரண்டு பெயர்களை எழுதி வந்திருக்கிறோம். முதல் நாள் போலீஸ்காரர் என்று நினைத்து நாலு பேர் ஓடினார்கள். மூன்றாம் நாள் டீ கொடுத்தார்கள். விரல் போன பையனின் பெயரும் கிடைத்தது, ஜில்லாவும் கிடைத்தது. அவனுக்காக மனுப் போட ஏற்பாடு நடக்கிறது. தாமதம்தான், தெரிகிறது.

போன வாரம் பல்லடம் பக்கம் போனபோது அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தோம். திண்ணையில் உட்கார்ந்து நாலு ஊர்க் கதையையும் சொன்னோம். முழுவதும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்க சின்னப் பையன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கானுங்க. அங்கே அவனைப் பாண்டின்னு கூப்பிடறாங்களாம். பேரு சொல்லிக் கூப்பிடறதில்லையாம். போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தானுங்க சொல்றான்" என்றார்.

பிறகு எழுந்து, "நம்ம ஊர்த் தேங்காய்க் களத்துக்கும் வடக்கத்திப் பசங்க நாலு பேரு வந்திருக்கறாங்க தோழர். வாங்க, பேரு கேட்டுட்டு வரலாம்" என்றார்.